வெறும் படகை அளந்துவிட்டோம், அண்ணி

கண்ணை இறுக மூடிக்கொண்டே இருபத்தாறு வருஷம் தோணி ஏறிய என் அண்ணி கோமதிக்கு,

உன் முதல் வருஷ நினைவு நாளுக்குப் பேனர் அடிக்க அண்ணன் முதுநகருக்குப் போயிருந்தார். கடைக்காரன் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே தயாராக வைத்திருக்கிற வரிகளைக் காட்டினானாம். குடும்ப விளக்கு அணைந்தது, குலக்கொடி சாய்ந்தது என்று இருபது முப்பது. "இதுல எது வேணும்ண்ணே?" என்று கேட்டிருக்கிறான். அண்ணன் அப்படியே திரும்பி வந்துவிட்டார். "நீ எழுதிக் குடு சரோஜா. நம்ம வூட்டுல நீதான் எட்டாவது வரைக்கும் படிச்சவ" என்றார்.

நான் சொல்ல வேண்டியது பேனரில் அடங்காது. அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். எழுதி முடித்ததும் துறையில் ஊர் அறிவிப்பு ஒட்டுகிற பலகையில் ஒட்டப் போகிறேன். ஊரே படிக்கட்டும். படிக்கத் தெரியாதவர்கள் படிக்கத் தெரிந்தவர்களை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்கட்டும். உனக்குச் சொல்ல வேண்டியதும் ஊருக்குச் சொல்ல வேண்டியதும் ஒன்றுதான்.

முதலில் நல்ல சேதி. பாலம் வந்துவிட்டது அண்ணி. நீ போகும்போது தூண்கள் மட்டும்தான் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன. இப்போது உத்தரம் வைத்து, தளம் போட்டு, இரண்டு பக்கமும் பச்சைப் பெயின்ட் அடித்த கம்பி வைத்து, விளக்கும் போட்டுவிட்டார்கள். உப்பனாற்றுக்கு நடுவே கிடந்த நம் கோரைத்திட்டுக்கு ஷேர் ஆட்டோ வருகிறது. கேஸ் சிலிண்டர் வாசலில் இறங்குகிறது. மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, அக்கரையில் இருக்கிற தோணிக்காரரைத் தொண்டை வறளக் கூவுகிற வேலை இல்லை. தோணிக்காரர் என்ன ஆனார் என்று கேட்பாய். பாலத்து முனையில் டீக்கடை போட்டிருக்கிறார். அங்கேயும் நம்மைப் பார்த்துப் பழையபடியே எரிந்து விழுகிறார்.

பாலத்தில் நடக்கிற ஒவ்வொரு நாளும் கலெக்டர் ஆபீஸில் நீ சொன்ன பதில் ஞாபகம் வருகிறது. "பாலம் எதுக்கும்மா வேணும்?" என்று அந்த அதிகாரி கேட்டார். நாங்கள் பத்துப் பெண்கள் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தோம். நீ நடுவில் புகுந்து, "எனக்குத் தண்ணின்னா பயம் சார். புவனகிரியில எங்க அம்மா வூட்டுக்குப் பயப்படாமப் போவணும்" என்றாய். என் மானமே போனது. வெளியே வந்து உன்னை என்ன பாடு படுத்தினேன்! ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதுவரை குனிந்து எழுதிக்கொண்டிருந்த அந்த மனுஷன் நிமிர்ந்து நம் முகத்தைப் பார்த்தது நீ அதைச் சொன்ன பிறகுதான்.

புவனகிரிச் சந்தையில் கருவாடு விற்கப் போன அண்ணனைப் பார்த்து, நெல் விளைகிற ஊரை விட்டுவிட்டு இந்த உப்புத் தண்ணீருக்கு வந்தவள் நீ. நீச்சல் தெரியாது. மீன் செதில் கையில் ஒட்டினால் முதல் வருஷமெல்லாம் அழுதாய். "நெல்லு அளக்குற ஊர்க்காரி" என்று நானும்தான் கிண்டல் செய்தேன். ஆனால் இந்த ஊருக்கு எது வேண்டும் என்று மனு எழுதத் தெரிந்தவள் நீ ஒருத்திதான் இருந்தாய்.

இனி கெட்ட சேதி. உட்கார்ந்து கேள்.

பாலம் இடிக்கிறது அண்ணி. கூண்டு வைத்த படகு நம் ஊரில் எட்டு இருக்கிறதல்லவா? சுக்கான் பிடிக்கிறவர் நிற்கிற அந்தக் கூண்டு, அமாவாசை பௌர்ணமிக்கு ஓதம் ஏறித் தண்ணீர் உயர்ந்து நிற்கும்போது, படகு நுழைகிற நடுத் தூண்களின் இடைவெளியில், பாலத்தின் நடுக் கண்ணில் தட்டுகிறது. அரை அடிதான். ஆனால் அரை அடி இடித்தாலும் இடிதானே! தண்ணீர் இறங்கட்டும் என்று காத்திருந்தால் கழிமுகத்தில் மணல் தட்டுகிறது. மேலே ஏறினால் தலை இடிக்கும், கீழே இறங்கினால் அடி தட்டும். மாதத்தில் எட்டுப் பத்து நாள் இந்தக் கூத்துதான்.

வேடிக்கை என்னவென்றால், மீன் ஏற்றிக்கொண்டு நம் துறைக்குத் திரும்பும்போது அதே படகு அதே கண்ணுக்குள் ஜோராக நுழைந்து வந்துவிடுகிறது. போகும்போதுதான் வம்பு. போகும்போது வெறும் படகு. ஐஸைக்கூட முதுநகர் துறைமுகத்தில்தான் ஏற்றுகிறோம். பாரம் இல்லாத படகு தண்ணீரில் தூக்கிக்கொண்டு நிற்கும். இது நம் ஊரில் யாருக்குத் தெரியாது?

முதல் பௌர்ணமிக்கு அஞ்சலை புருஷன் செய்த காரியத்தைக் கேட்டால் நீ சிரிப்பாய். படகை அழுத்த வேண்டுமே என்று மணல் மூட்டை அடுக்கினார். போதவில்லை. உடனே தெருவில் நின்றவர்களையெல்லாம், "ஏறுங்க மாமா, ஏறு மச்சான், சும்மா ஒரு ரவுண்டு" என்று கூப்பிட்டு ஏற்றிவிட்டார். கல்யாண வேன் மாதிரி முப்பது பேர். படகு அழுந்தி பாலத்தைத் தாண்டிவிட்டது. தாண்டின பிறகு முப்பது பேரையும் அக்கரைச் சேற்றில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். முழங்கால் வரை சேறோடு அத்தனை பேரும் புதுப் பாலத்தின் மேல் நடந்து வீடு வந்து சேர்ந்தார்கள். தினமும் முப்பது பேருக்கு எங்கே போவது?

சிரித்து முடித்துவிட்டாயா? இனிமேல் வருவது சிரிக்கிற சேதி இல்லை.

கூண்டு பாலத்தில் தட்டும்போதெல்லாம் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. "கோமதி குட்டிட்டாடா!" முதலில் யார் சொன்னது என்று தெரியாது. பிறகு எல்லாரும் சொன்னார்கள். இன்றைக்கு எத்தனை படகுக்குக் கோமதி குட்டு விழுந்தது என்று டீக்கடையில் கேட்டுக்கொள்வார்கள். அண்ணன் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று நானும் சும்மா இருந்தேன். சும்மா இருந்தேன் அண்ணி. அதுதான் நான் செய்த பாவம்.

உன் பெயர் எப்படி வந்தது என்று சொல்கிறேன். பாலம் இடிக்கிறது என்று ஊர்ப் பெரியவர்கள் ஆபீஸுக்குப் போனார்கள். அங்கே ஒரு பழைய ஃபைலை எடுத்துக் காட்டினார்களாம். பாலத்தின் உயரத்தைத் தீர்மானிப்பதற்காக, தண்ணீருக்கு மேலே படகு எவ்வளவு உயரம் நிற்கும் என்று ஊரில் வாங்கிய அளவு. "அதுக்கு மேல முக்கால் அடி நாங்க கூடுதலாவே விட்டிருக்கோம். அளவு குடுத்தது உங்க ஊரு. எங்களை ஏன் கேக்கிறீங்க?" என்று சொல்லிவிட்டார்களாம். அளவுக்குக் கீழே, அளந்தவர் என்ற இடத்தில், கோமதி என்று உன் கையெழுத்து.

அந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு மறக்குமா?

சர்வே எடுக்க வந்தவர் காலையிலேயே வந்துவிட்டார். துறையில் படகுகள் வெறுமையாக நின்றன. என் படகுதான் முன்னால் நின்றது. என் வீட்டுக்காரர் செத்துப்போன பிறகு நானும் என் மகன் மணியும் கட்டிக் காக்கிற படகு. நீ முழம் குறித்த மூங்கில் கழியோடு தண்ணீரில் இறங்கினாய். முழங்கால் ஆழம்தான், அதற்கே உன் முகம் வெளுத்திருந்தது. கழியைப் படகின் பக்கத்தில் நட்டு, உங்கள் ஊரில் நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்லாமல் சொல்வார்களே, அப்படி "லாபம்" என்று ஆரம்பித்தாய்.

நான் ஓடி வந்து கழியைப் பிடுங்கினேன்.

"என்னா அண்ணி பண்ற? வெறும் படகை அளக்குறியே! வெறும் படகை அளந்தா வெறும் படகாத்தான் திரும்பி வரும். இதுகூட தெரியாதா ஒனக்கு?"

நீ என்னைப் பார்த்தாய். "ஏய் சரோஜா, போவும்போது வெறுமையாத்தானடி போவுது? அப்பதானே ஒசரம் ஜாஸ்தி?" என்றாய்.

சொன்னாய் அண்ணி. சத்தியமாகச் சொன்னாய். உள்நாட்டுக்காரி, நீச்சல் தெரியாதவள், தண்ணீர் என்றால் நடுங்குகிறவள், ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துச் சொன்னாய். கடலிலேயே பிறந்து கடலிலேயே வளர்ந்த நான் காதில் வாங்கவில்லை. அந்த வாரம்தான் மணி முதல் தடவையாகச் சுக்கானைப் பிடித்திருந்தான். "என் புள்ள பொழப்புல மண்ணப் போடாத" என்று கத்திவிட்டேன். கரையில் நின்ற ஆண்கள் அத்தனை பேரும், தலைவர் வேலாயுதம் மாமா உட்பட, "சரோஜா சொல்றது சரிதான், மீனோட வர்ற படகை அளந்துக்கலாம்" என்று தலையாட்டினார்கள்.

சர்வேக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்து, வடை வாங்கிக் கொடுத்து, அஞ்சலை வீட்டுப் படகு கரை திரும்புகிற வரைக்கும் உட்கார வைத்தோம். அன்றைக்கென்று பார்த்துக் கானாங்கெளுத்தி வயிறு முட்ட வந்திருந்தது. படகு தண்ணீரோடு தண்ணீராகக் கிடந்தது. கழியை நட்டு அளந்தது நான். உன் கையில் இருந்து பிடுங்கிய அதே கழி.

அளந்தவர் யார், பெயர் சொல்லுங்கள் என்று சர்வேக்காரர் கேட்டதும் நான் உன் பின்னால் போய் நின்றேன். சர்க்கார் காகிதத்தில் பெயர் எழுதினால் என்ன வருமோ என்ற பயம். நீ திரும்பி என் முகத்தைப் பார்த்தாய். அப்புறம் பேனாவை வாங்கி, "நான்தான்னு எழுதிக்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டாய். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது அந்த நிமிஷத்தில் நடந்தது.

அதற்குப் பிறகு அந்தக் காரியத்தை நாம் இரண்டு பேரும் பேசவே இல்லை. தூண்கள் எழும்பின. நீ தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாய். உனக்கு நெஞ்சு வலி வந்து சிதம்பரத்துக்குக் கொண்டுபோனபோதும் தோணியில்தான் போனாய். அப்போதும் கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டாய். மூன்றாம் நாள் உன்னைத் திருப்பிக் கொண்டுவந்ததும் தோணியில்தான்.

போன மாதம் வலைக்கூடத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். பாலத்துக்கு ஒரு வழி பண்ண வேண்டும் என்று பேசி ஒரு மனு எழுதியிருந்தார்கள். தலைவர் மாமா வாசித்தார். "கடற்கரைப் பழக்கம் இல்லாத பெண் ஒருவர், ஊரைக் கேட்காமல் தவறான அளவைக் கொடுத்துவிட்டபடியால்" என்று ஆரம்பித்தது. ஊர் நிரபராதி, ஆகையால் நடுக் கண்ணை உயர்த்தித் தர வேண்டும் என்று முடிந்தது.

குதிரை கீழே தள்ளினதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ராசாங்கம், இதுல மொத கையெழுத்து நீ போடு. புருஷனே ஒத்துக்கிட்டான்னா ஆபீசுல நம்புவாங்க" என்றார் தலைவர் மாமா. அண்ணன் எழுந்து முன்னால் போனார். உன்னைப் பற்றித் தவறாக நினைத்தாரா, ஊரோடு ஒத்துப்போக வேண்டுமே என்று நினைத்தாரா, இன்றுவரை நான் கேட்கவில்லை. பேனாவைக் கையில் வாங்கிவிட்டார்.

பெண்கள் பின்னால் நிற்க வேண்டும், பேசக் கூடாது. அதுவும் ஒரு வழக்கம். நான் முன்னால் போனேன்.

"மாமா, அந்தப் பேனாவ வாங்குங்க. அளந்தது எங்க அண்ணி இல்ல. நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். கழியைப் பிடுங்கியது, கத்தியது, பின்னால் போய் ஒளிந்தது, எதையும் விடவில்லை. அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"சரி, நீ அளந்தேன்னே வச்சுக்குவோம். பொம்பளைங்க அளந்தா இப்படித்தான் ஆவும்" என்று ஒருவர் ஆரம்பித்தார்.

"என்னா ஆவும்? நான் கத்துனப்ப கரையில நின்னு தலையாட்டுனது ஆம்பளைங்கதானே? சர்வேக்காரருக்கு வடை வாங்கியாந்தது நீங்கதானே? அண்ணி வெறும் படகுதான் ஒசரம்னு சொன்னது ஒங்க காதுல வுழலையா? வுழுந்துது. எல்லாருக்கும் வுழுந்துது. ஊரக் கேக்காமன்னு எழுதியிருக்கீங்களே, ஊரக் கேட்டதாலதான் அளவே கெட்டுது!"

"வழக்கம்னு ஒண்ணு இருக்குதுல்ல சரோஜா" என்றார் தலைவர் மாமா. குரல் இறங்கியிருந்தது.

"இருக்கட்டும். அப்ப அதையே எழுதுங்க. எங்க வழக்கத்தால அளவு தப்பாச்சுன்னு எழுதுங்க. அதுக்கு வெக்கமா இருக்குதா? செத்தவ மேல எழுத வெக்கமா இல்லியா?"

அண்ணன் பேனாவை மூடித் தலைவர் மாமா முன்னால் வைத்தார். அவ்வளவுதான் செய்தார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

பிறகுதான் வினை வந்தது. புதிய மனு எழுதுவதென்றால் சரியான அளவு வேண்டும். சரியான அளவு வேண்டுமென்றால் வெறும் படகை அளக்க வேண்டும். மற்ற ஏழு படகுக்காரர்களும் கூரையைப் பார்த்தார்கள். தரையைப் பார்த்தார்கள். அடுத்தவர் படகு நல்ல உயரம் என்று கை காட்டினார்கள். வாய்ச்சவடால் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"என் படகை அளங்க" என்றேன்.

மணி எழுந்துவிட்டான். "அம்மா, கடலுக்குப் போறது நான்ம்மா." அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. பயம்தான். அந்தப் பயத்தை ஊட்டி வளர்த்தது நான். "மணி, ஒங்க அத்தைய நம்ம படகுகிட்ட இருந்து நான்தான்டா வெரட்டுனேன். அதே படகைத்தான் அளக்கணும்" என்றேன். அவன் உடனே சரியென்று சொல்லவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பௌர்ணமியன்று காலையில் தானே படகைக் கொண்டுபோய்ப் பாலத்துக்குப் பக்கத்தில் கரையோரமாக நிறுத்தினான்.

அண்ணன் டேப்போடு இறங்கினார். மார்பளவு தண்ணீர். ஊரே பாலத்துக் கம்பியில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தது. வெறும் படகு, மீன் படகைவிட ஒன்றேகால் அடி உயரம். ஆபீஸில் கூடுதலாக விட்டது முக்கால் அடி. மிச்சம் அரை அடி. ஊர் உன் தலையில் கட்டிய அரை அடி.

மணல் மூட்டை ஏற்றிக்கொண்டு மணி கடலுக்குப் போனான். மறுநாள் திரும்பி வந்தான். என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறாய்?

படகு வெறுமையாகத்தான் வந்தது.

பொய் சொல்லவா அண்ணி உனக்கு? ஒரு கூடைகூட இல்லை. துறையில் கூட்டம் கூடிவிட்டது. "சொன்னோம்ல" என்று ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். மணி என் முகத்தைப் பார்க்காமல் கயிறு கட்டினான். ஒரு நிமிஷம் பழைய சரோஜா உள்ளே எட்டிப் பார்த்தாள். நீ கெடுத்துவிட்டாய் என்று உன்னைத் திட்டக்கூட வாய் வந்தது. அதையும் உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

அப்புறம் மற்றப் படகுகளைப் பார்த்தேன். அளக்காத படகுகள். அஞ்சலை வீட்டுப் படகில் அரைக் கூடை பொடி மீன். தலைவர் மாமா படகில் அதுவும் இல்லை. காற்று மாறியிருந்தது. அன்றைக்குக் கடலில் யாருக்கும் ஒன்றும் இல்லை.

"தலைவர் மாமா, ஒங்க படகை யாரு அளந்தாங்க?" என்று கேட்டேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "வெறுமையா வந்திருக்குதா, நல்லதாப் போச்சு. அண்ணே, டேப்பை எடுத்துக்கிட்டு வா. இன்னொரு தடவை அளந்துடலாம்!"

முதலில் சிரித்தது அஞ்சலைதான். பிறகு அவள் புருஷனைத் தள்ளிக்கொண்டு வந்து, "எங்களதையும் அளங்க. எப்படியும் பொடி மீன்தானே வருது" என்றாள். அடுத்த அமாவாசைக்குள் எட்டுப் படகையும் அளந்துவிட்டோம். மணிக்கு மீன் கிடைத்த நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. அளக்கும் முன்னாலும் அப்படித்தானே இருந்தது?

போன திங்கட்கிழமை குறை தீர்க்கும் நாளுக்குக் கடலூர் போனோம். புது மனுவில் தலைவர் மாமா தன் கைப்படவே, "எங்கள் வழக்கத்தின் காரணமாகப் பாரம் ஏற்றிய படகை அளந்து கொடுத்துவிட்டோம்" என்று எழுதியிருந்தார். ஆள் நல்லவர்தான், கொஞ்சம் லேட். உன்னிடம் அன்றைக்குக் கேள்வி கேட்டவர் மாறிப் போய்விட்டார். இப்போது இருப்பவர் பழைய ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப இந்தக் கோமதிங்கிறவங்க குடுத்த அளவு தப்பு, அப்படித்தானே?" என்று கேட்டார்.

"தப்பு இல்ல சார்" என்றேன். "அவுங்க சரியா அளக்க வந்தாங்க. நாங்க வுடலை. அவுங்க பேர்ல இருக்கிற அளவு நான் அளந்தது. அதை அடிச்சுட்டு என் பேர எழுதுங்க. அதுக்குன்னு எதுனா நடவடிக்கை எடுக்கணும்னா என்மேல எடுங்க."

பழைய ஃபைலில் எல்லாம் அடிக்க முடியாதும்மா என்றார் அவர். முடியாது என்றால் பக்கத்திலாவது எழுதுங்கள் என்றேன். கூட வந்தவர்கள் போதும் வா என்று புடவையைப் பிடித்து இழுத்தார்கள். நான் நகரவில்லை. கடைசியில் ஒரு தனித்தாளில் நான் சொன்னதை எழுதச் சொல்லி, கையெழுத்து வாங்கி, அந்த ஃபைலிலேயே சேர்த்துக் கட்டினார். சர்க்கார் காகிதத்தில் என் பெயர் எழுதியாகிவிட்டது. ஒன்றும் வரவில்லை. இதற்கா அத்தனை பயந்தேன்?

நடுக் கண்ணைப் பற்றிக் கேட்டதற்கு, ஆய்வு செய்யணும் என்றார். "ஆய்வுன்னா எத்தனை பௌர்ணமி சார்?" என்று கேட்டேன். தூக்கி வைக்க முடியும், ஜாக்கி வைத்து உத்தரத்தை உயர்த்துகிற வேலை உண்டு என்று அங்கேயே ஒரு இன்ஜினியர் மெதுவாகச் சொன்னார். முடியும் என்று ஒருவர் வாயில் இருந்து வந்துவிட்டதல்லவா? இனி விடுவேனா?

ஊர்க்காரர்களுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. பலகைக்கு முன்னால் நின்று படிக்கிறீர்கள் அல்லவா, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பாலம் கேட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவள் என் அண்ணி. இனிமேல் கூண்டு இடித்தால் சரோஜா குட்டிவிட்டாள் என்று சொல்லுங்கள். எனக்குக் கோபம் வராது. கோமதி என்று எவன் வாயிலாவது வந்தால், அவன் அன்றைக்கு என்னிடம் மாட்டினான்.

அண்ணி, உனக்கு நான் வாக்குக் கொடுக்கிறேன். அந்த நடுக் கண் உயர்கிற வரைக்கும், ஒவ்வொரு திங்கட்கிழமையும் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கலெக்டர் ஆபீஸுக்குப் போவேன். யாரும் வரவில்லை என்றால் தனியாகப் போவேன். முதல் அளவு யார் கொடுத்தது என்று கேட்கிற ஒவ்வொருத்தரிடமும், நான்தான் என்று முதலில் இருந்து சொல்வேன்.

உன்னிடம் மன்னிப்பு மட்டும் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "சரி வுடுடி" என்பாய். விட மாட்டேன்.

இப்படிக்கு,
அன்றைக்கு அளந்தவள்,
உன் நாத்தனார் சரோஜா